ஓய்வுக்கு ஒரு வேலி

1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் என்ற உளவியலாளர் இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்துகொண்டிருந்தார். பகல் முழுக்கத் தன்னிடம் வரும் நோயாளிகளைப் பார்ப்பார். சாயங்காலம் ஆனதும் போதைப் பழக்கத்தில் சிக்கிய இளைஞர்களுக்கான இலவச மருத்துவ மையத்துக்குப் போய் நள்ளிரவு வரை இருப்பார். அங்கே சம்பளம் கிடையாது. இந்த ஓட்டத்துக்கு நடுவே குடும்பத்தோடு ஒரு விடுமுறைப் பயணம் ஏற்பாடாகியிருந்தது. கிளம்ப வேண்டிய காலையில் அவரால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. பயணம் நின்றுபோனது. இரண்டு நாள் தூங்கினார். அதன் பிறகு ஒரு டேப் ரெக்கார்டரை எதிரே வைத்துக்கொண்டு, தனக்கு என்ன ஆயிற்று என்று தானே பேசிப் பதிவு செய்தார். ஒரு நோயாளியின் பேச்சைக் கேட்பது போல அதைத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

வேலை செய்து செய்து ஒரு மனிதர் எரிந்து தீர்ந்துபோகும் நிலைக்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் 'பர்ன் அவுட்' என்ற பெயர், 1974-இல் அவர் எழுதிய கட்டுரை வழியாகத்தான் உளவியல் ஆய்வுக்குள் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு இதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, செய்கிற வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, முன்பு கைவந்த வேலை இப்போது ஓடாதது. இதை நோய் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தம் தீர்க்கப்படாமலே நீடித்தால் வருகிற நிலை என்கிறது.

ஃப்ராய்டன்பர்கருக்கு விடுமுறை கிடைக்காமல் இல்லை. கிடைத்த விடுமுறைக்குள் காலெடுத்து வைக்கத்தான் தெம்பில்லை. நெதர்லாந்தில் ஜெரோன் நவைனும் சக ஆய்வாளர்களும் 1,530 பேரை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவுகளை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். பயணம் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே, போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு இரு தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பயணம் மிக நிம்மதியாகக் கழிந்தது என்று சொன்னவர்களிடம் மட்டும் அந்த நல்ல மனநிலை தங்கியது; சில வாரங்களில் அதுவும் கரைந்தது.

களைத்துப்போனவருக்கு எந்த ஊர் நல்லது, எத்தனை நாள் போதும் என்று பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஓய்வு எதற்காக? மறுபடி வேலை செய்வதற்கா, அல்லது அதற்கென்றே ஒரு மதிப்பு உண்டா? இது வெறும் தத்துவ விசாரம் இல்லை. இதற்கு ஒருவர் மனத்துக்குள் வைத்திருக்கும் பதிலைப் பொறுத்தே அவருடைய விடுமுறை அமைகிறது.

அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் பத்தாம் பகுதியில், ஓய்வு ஒரு முடிவான இலக்காக இருக்க முடியாது என்கிறார். மனிதர் தொடர்ந்து உழைக்க முடியாததால் களைப்பாறுகிறார், களைப்பாறுவது மீண்டும் செயலில் இறங்குவதற்காக என்பது அவர் வாதம். முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் ஃபிலோ, ஏழு நாளில் ஒரு நாளைச் சும்மா கழிக்கிறார்களே என்று யூதர்களைப் பழித்தவர்களுக்கு இதே தர்க்கத்தால் பதில் சொன்னார்: இளைப்பாறியவர்கள் புதுத் தெம்போடு வேலைக்குத் திரும்புகிறார்கள், அதனால் சபாத் நாள் பயனுள்ளது. வார்சாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரப்பி ஏபிரகாம் யோசுவா ஹெஷல் 1951-இல் வெளியிட்ட 'த சபாத்' நூலில் ஃபிலோவை மறுத்தார். ஃபிலோ பேசியது அரிஸ்டாட்டிலின் குரலில், வேதத்தின் குரலில் இல்லை என்றார். ஆறு நாளின் உழைப்புதான் ஏழாம் நாளுக்காக இருக்கிறதே தவிர, ஏழாம் நாள் உழைப்புக்காக இல்லை என்பது ஹெஷலின் நிலைப்பாடு.

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் ஃபிலோவின் பதில்தான் அலுவலகங்களில் செல்லுபடியாகிறது. "போயிட்டு ஃப்ரெஷ்ஷா வாங்க" என்றுதான் விடுப்புக்குக் கையெழுத்து விழுகிறது. களைத்தவரும் அதையே நம்புகிறார். விடுமுறை பலன் தர வேண்டும் என்று எண்ணிய கணமே அதற்கு ஒரு கணக்கு வந்துவிடுகிறது. கொடுத்த பணத்துக்கு எத்தனை இடம் பார்த்தோம், ஆறு மணிக்குக் கிளம்பினால் அருவியையும் முடித்துவிடலாமா, பிள்ளைகளுக்குப் போரடிக்காமல் இருக்குமா, இன்றைக்காவது மனசு லேசாக இருக்கிறதா. வேலை எந்தக் கண்ணால் அவரைப் பார்த்ததோ அதே கண்ணால் அவர் தன் ஓய்வையும் பார்க்கிறார். எரிந்து தீர்ந்தவருக்கு இந்தக் கண் மாறாதவரை கடற்கரையும் ஒன்றுதான், கான்ஃபரன்ஸ் அறையும் ஒன்றுதான்.

சபாத் நாளின் அமைப்பில் களைத்தவர் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அந்த நாளில் இன்னின்னதைச் செய்து மகிழுங்கள் என்பதைவிட, எதைச் செய்யக்கூடாது என்பதை யூத மரபு மிக நுணுக்கமாக வகுத்தது. மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு 39 வகை வேலைகளை விலக்குகிறது. விதைப்பது, உழுவது, அறுப்பது என்று தொடங்கும் பட்டியல் முடிச்சுப் போடுவது, முடிச்சை அவிழ்ப்பது, இரண்டு தையல் போடுவது, இரண்டு எழுத்து எழுதுவது, நெருப்பு மூட்டுவது, அணைப்பது என்று நீள்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கெடுபிடியாகத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு இதில் பெரிய விடுதலை உண்டு. ஒரே ஒரு கடிதம் எழுதிவிடட்டுமா, இந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்துவிடட்டுமா என்று மனம் நச்சரிக்கும்போது அதோடு வாதாட வேண்டியதில்லை. முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. சட்டத்தைச் சுற்றி ஒரு வேலி போடுங்கள் என்பது அந்த மரபின் பழைய அறிவுரை. சபாத்தின் வேலிக்குள் நிற்பது ஒரு நாள் ஓய்வு.

வேலி தானாக முளைப்பதில்லை. வேதத்தின் யாத்திராகம நூலில், வனாந்தரத்தில் மன்னா என்ற உணவு பொழியும் கதையிலேயே ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேகரிக்கச் சொல்கிறது கட்டளை. இன்றும் ஆசாரமான யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் சமையல் முடிந்திருக்கும். பீன்ஸும் பார்லியும் கறியும் சேர்ந்த 'சோலெண்ட்' அன்று மாலை அடுப்பேறி இரவெல்லாம் சிறு சூட்டில் வெந்து மறுநாள் மதியத்துக்குத் தயாராக இருக்கும். விளக்குகள் முன்னேற்பாட்டோடு எரியும். இந்த ஆயத்தத்தின் பெரும்பாரம் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் தோளில் விழுந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நிம்மதியான விடுமுறைக்குத் திட்டமே போடக்கூடாது, மனம் போன போக்கில் போக வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. தெம்பு உள்ளவருக்கு அது சரியாக இருக்கலாம். எரிந்து தீர்ந்தவருக்கு எங்கே சாப்பிடலாம் என்ற சின்ன முடிவும் மலையாகக் கனக்கும். அவருக்குத் திட்டம் நிச்சயம் வேண்டும். ஆனால் அந்தத் திட்டம் முதலில் பதில் சொல்ல வேண்டியது எதையெல்லாம் செய்யப்போவதில்லை என்ற கேள்விக்கு. ஒரே ஊர், ஒரே அறை. அலுவலக மெயிலும் வாட்ஸ்அப் குழுவும் இல்லாத போன். தேடி அலையாமல் வேளைக்குக் கிடைக்கும் சாப்பாடு. பார்த்தே தீர வேண்டிய இடம் என்று ஒன்றும் கிடையாது. பொறுப்புகளை யார் கையில் கொடுத்துவிட்டுப் போவது என்பதைக் கிளம்பும் நாளுக்கு முந்தின இரவு அரக்கப்பரக்கச் செய்யாமல் ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். ஆறாம் நாளின் இரட்டை மன்னா அதுதான்.

வேலி போட்டபின் உள்ளே என்ன செய்வது? இதற்கு வேதத்தில் வரும் எலியாவின் கதையைவிட இரக்கமான பதில் வேறெங்கும் கிடைப்பது அரிது. கர்மேல் மலையில் மாபெரும் வெற்றி கண்ட தீர்க்கதரிசி, ராணி யேசபேலின் மிரட்டலைக் கேட்டு ஓடுகிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு ஒரு நாள் தூரம் பாலைவனத்துக்குள் தனியாக நடக்கிறார். சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டிவிட்டுத் தூங்கிப்போகிறார். வருகிற தேவதூதன் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் சுட்ட அப்பமும் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். அதற்கும் கண்டிப்பு இல்லை. இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான், போக வேண்டிய தூரம் உன் பலத்துக்கு மிஞ்சியது என்று சொல்லி. இங்கே உனக்கு என்ன வேலை என்ற கேள்வியைக் கடவுள் கேட்பது அதற்கு நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்.

இந்த வரிசை முக்கியம். தூக்கம், சாப்பாடு, மறுபடி தூக்கம். வாழ்க்கையைப் பற்றிய கேள்விகள் பிறகு. விடுமுறையின் முதல் நாளே வேலையை விடலாமா, ஊரை மாற்றலாமா என்று உட்கார்ந்து யோசிப்பவர் எலியா சூரைச்செடியின் அடியில் எடுத்த முடிவைத்தான் எடுப்பார். ஃப்ராய்டன்பர்கர்கூட முதலில் தூங்கினார், பிறகுதான் டேப் ரெக்கார்டரைத் தொட்டார். ஐந்து நாள் விடுப்பு இருந்தால் முதல் இரண்டு நாளை வீட்டிலேயே தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் கிளம்புவது நஷ்டக் கணக்கு இல்லை. வாரக்கணக்கில் தூக்கமே பிடிக்கவில்லை, உயிர் வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை என்றால் பயணத்தைத் தள்ளிவைத்து முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எங்காவது போய்விட்டால் போதும் என்ற தவிப்பு வரும்போது அதையும் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தவம் இருந்த துறவி எவாக்ரியுஸ், நடுப்பகல் வேளையில் துறவியைப் பிடிக்கும் ஒரு பேயைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அது வந்தால் சூரியன் நகராதது போலத் தோன்றும். பகல் ஐம்பது மணி நேரம் நீளும். கண் ஜன்னலுக்கே போகும். இருக்கிற இடம் வெறுக்கும், செய்கிற வேலை வெறுக்கும், வேறோர் ஊருக்குப் போனால் எல்லாம் எளிதாக நடக்கும் என்று மனம் சொல்லும். மூன்று மணி நேரம் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ரயில் டிக்கெட்டும் ரிசார்ட் படங்களுமாகப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்த வர்ணனை புரியாமல் போகாது.

இரண்டாம் உலகப் போரில் இடிந்து கிடந்த ஜெர்மனியில், 1948-இல், கத்தோலிக்கத் தத்துவவாதி யோசெஃப் பீப்பர் ஓய்வைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வீடு கட்டுவதற்கே ஆளில்லாத நேரத்தில் இந்தப் பேச்சு தேவையா என்ற கேள்வியை அவரே எடுத்துக்கொண்டு தொடங்குகிறார். எவாக்ரியுஸ் சொன்ன அந்த உள்வறட்சியைப் பற்றி அவர் வைத்த வாதம் கூர்மையானது. ஓயாத உழைப்பையும் மனச் சோம்பலையும் நாம் எதிரெதிராக வைத்துப் பழகியிருக்கிறோம். பீப்பர் பார்வையில் இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை. தான் தானாக இருக்கச் சம்மதிக்காத மனிதர் ஒன்று வேலையில் புதைந்துகொள்கிறார், இல்லையென்றால் எதிலும் ஒட்டாமல் தவிக்கிறார். பர்ன் அவுட்டில் இந்த இரண்டும் ஒரே உடம்பில், பல சமயம் ஒரே நாளில் நடப்பதைப் பார்க்கும்போது அவர் சரியாகத்தான் சொன்னார் என்று படுகிறது.

ஆகவே போவதா, இருப்பதா? ஊர் ஊராக நடப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர்களுக்கு நம் நாட்டு மரபுகள் சொன்ன பதில், இரு என்பது. மழைக்காலத்திலும் இவர்கள் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதித்துக்கொண்டு திரிகிறார்களே, பறவைகள்கூடக் கூடு கட்டி ஒதுங்குகின்றனவே என்று மக்கள் குறைபட்டதால், புத்தர் தம் பிக்குகளை மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கச் சொன்னதாக விநய பிடகத்தின் மகாவக்கம் கூறுகிறது. சமணத் துறவிகளுக்கும் மழைக்காலத் தங்கல் உண்டு. சங்கர மடங்களின் சந்நியாசிகள் வியாச பூஜையோடு சாதுர்மாஸ்ய விரதம் தொடங்கி ஊர் தாண்டாமல் இருக்கிறார்கள். யாருக்கு எது அன்றாடமோ அதிலிருந்து நிற்பதே அவர்களுக்கு ஓய்வு. மாதத்தில் இருபது நாள் பஸ்ஸிலும் லாட்ஜிலும் கழிக்கும் மருந்து விற்பனைப் பிரதிநிதிக்குச் சொந்த வீட்டுத் திண்ணைதான் சுற்றுலாத் தலம். நாலு சுவருக்குள் அடைந்து கிடப்பவருக்கு நடக்க ஒரு நீண்ட சாலை வேண்டும்.

நிற்பது எளிதும் இல்லை. தாயுமானவர் திருச்சி விஜயரங்க சொக்கநாத நாயக்கரின் அரண்மனையில் பெருங்கணக்கராக வேலை பார்த்தவர் என்பது வரலாற்று மரபு. வரவு, செலவு, அதிகாரம் எல்லாம் பார்த்த மனிதர். மதயானையை அடக்கலாம், புலி கரடியின் வாயைக் கட்டலாம், நீர்மேல் நடக்கலாம் என்று அரிய சாதனைகளை அடுக்கிக்கொண்டே போய், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்ற பொருளில் பாடியவர் அவர். விடுமுறையின் இரண்டாம் நாள் மதியம், செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது எழும் படபடப்பைத் தோல்வி என்று நினைக்க வேண்டியதில்லை. வருடக்கணக்காக ஓடிய மனம் நிற்கும்போது அப்படித்தான் அதிரும். அந்த நேரத்தில் போனை எடுக்காமல் இருப்பதுதான் அன்றைக்குச் செய்ய வேண்டிய ஒரே காரியம்.

படபடப்புக்கு அடியில் பெரும்பாலும் குற்ற உணர்ச்சி இருக்கும். எல்லோரும் உழைக்கும்போது எனக்கு மட்டும் என்ன ஓய்வு? மருத்துவர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள், தொண்டு செய்பவர்கள் எல்லோரையும் இது அதிகம் அரிக்கிறது, ஏனென்றால் அவர்கள் வேலைக்கு ஒரு புனிதம் இருக்கிறது. புனித வேலையிலும் வரம்பு உண்டு என்பதை மதங்களே சொல்லியிருக்கின்றன. ராஜகிருகத்துக்கு அருகே சீதவனத்தில் கால் கிழிந்து ரத்தம் வரும்வரை நடந்து நடந்து தியானம் செய்த சோணர் என்ற பிக்கு, பலன் இல்லை, வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது புத்தர் அவரிடம் வந்து, அவர் முன்பு வாசித்த வீணையைப் பற்றி விசாரித்தார். தந்தி மிக முறுக்கினால் இசை வருமா, தளர்ந்து கிடந்தால் வருமா என்று கேட்டு, முயற்சியையும் அப்படிச் சமன் செய்யச் சொன்னார். ஸஹீஹுல் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி உண்டு. நபித்தோழர் அபூ தர்தா பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார். மனைவி கவனிப்பாரற்றுப் போயிருந்தார். விருந்தாளியாக வந்த சல்மான், நீங்கள் சாப்பிட்டால்தான் நான் சாப்பிடுவேன் என்று அவரை உண்ண வைத்தார். இரவில் தொழ எழுந்தவரைத் தூங்கச் சொன்னார். விடிவதற்கு முன் இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கு உம்மீது உரிமை உண்டு, உமக்கே உம்மீது உரிமை உண்டு, குடும்பத்துக்கும் உண்டு என்பது சல்மானின் வாதம். நபிகள் நாயகம் சல்மான் சொன்னது உண்மை என்றார்கள். ஓய்வு இங்கே சலுகையாகத் தரப்படவில்லை. ஒருவர் தனக்கே கொடுக்க வேண்டிய கடனாக வைக்கப்படுகிறது.

இத்தனை ஆயத்தத்துக்குப் பிறகும் விடுமுறை கெட்டுப்போகலாம். மாற்கு நற்செய்தியில், சாப்பிடக்கூட நேரமில்லாமல் அலைந்த சீடர்களைத் தனியான இடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறலாம் என்று இயேசு படகில் அழைத்துப்போகிறார். ஜனங்கள் கரை வழியாக ஓடி அவர்களுக்கு முன்பே அங்கே போய் நிற்கிறார்கள். இயேசு எரிச்சல்படவில்லை, மனம் உருகிப் போதிக்கத் தொடங்குகிறார். ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகு சீடர்களைப் படகில் முன்னே அனுப்பி, கூட்டத்தையும் அனுப்பிவிட்டு, தான் மட்டும் ஜெபிக்க மலைமேல் ஏறுகிறார். கெட்டுப்போன ஓய்வை அன்றிரவே வேறொரு வடிவில் மீட்டுக்கொண்டார். நடுவில் வந்த ஒரு அவசர அழைப்போடு விடுமுறையே பாழ் என்று மூட்டை கட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்கலாம்.

ஒருவரின் ஓய்வை யார் சுமக்கிறார்கள் என்பது கடைசியில் வந்தாலும் சின்னக் கேள்வி இல்லை. பத்துக் கட்டளைகளில் ஒன்றாகச் சபாத் கட்டளை வேதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமம் கடவுளே படைப்புக்குப் பின் ஓய்ந்திருந்ததைக் காரணமாகச் சொல்கிறது. உபாகமம் எகிப்தில் நீ அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள் என்கிறது. ஓய வேண்டியவர்கள் பட்டியலில் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் எல்லோரையும் சேர்க்கிறது. லேவியராகமம் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வு கேட்கிறது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் வண்டிகள் போகக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் நடைமுறை வந்தபோது, அந்த மலைகளும் தாங்க முடியாத அளவுக்குக் களைத்திருந்தன.

இந்திய ஆலைத் தொழிலாளிக்கு வார விடுமுறையும் இரக்கத்தால் வரவில்லை. ஜோதிராவ் பூலேயின் வழியில் வந்த நாராயண் மேகாஜி லோகண்டே 1884-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி ஞாயிறு விடுமுறை கேட்டார். ஞாயிறு கண்டோபா தெய்வத்துக்கு உரிய நாள் என்பதும் அவர் முன்வைத்த வாதங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. முதலாளிகள் இணங்க 1890 ஜூன் வரை ஆயிற்று.

நம் குடும்பப் பயணங்களில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளியோதரை கிளறுகிறவர் பெரும்பாலும் ஒரு பெண். அவரும் வேலைக்குப் போகிறவராக, அவரும் எரிந்து தீர்ந்தவராக இருக்கலாம். வேன் ஓட்டுகிறவர் இரவு எங்கே படுக்கிறார் என்பது பல பயணத் திட்டங்களில் இருப்பதே இல்லை. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கு, குடும்பம் ஊரில் இல்லாத அந்த ஐந்து நாளுக்குச் சம்பளம் பிடிக்கிற பழக்கமும் இருக்கிறது. சாப்பாட்டை வெளியில் சொல்லிவிடுவது, ஓட்டுநருக்கு ஒரு கட்டில், வேலைக்கார அம்மாவுக்குச் சம்பளத்தோடு ஐந்து நாள் விடுப்பு என்று இந்த மூன்றையும் டிக்கெட் போடுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். உபாகமம் சொல்லும் ஓய்வு இவர்கள் எல்லோருக்கும் உரியது.